மசாஜ் கடை தேறுமா?

ஆகஸ்ட் 5, திங்கள்

திருச்சுழியில் ரூம் பார்த்தாச்சு. மெயின் ரோட்டு மேலேயே, உரக்கடைக்குப் பக்கத்தில். ஓனர் ராமசுப்பு அய்யா. அட்வான்ஸ் ஐம்பதாயிரம், வாடகை மூவாயிரம். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்லணும். மதுரை பார்லரில் மூணு வருஷம் கற்ற வேலையை வைத்து, பெண்களுக்கு மட்டும் ஒரு மசாஜ் கடை. இதுதான் என் திட்டம். அட்வான்சுக்கு என் செயினை அடகு வைக்கணும்.

என் வீட்டுக்காரர் பாண்டிராஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. "தங்கமாரி, லோடு ஆட்டோவ நான் கணக்குப் பார்க்காம வாங்குனேன். நீயாவது பார்த்துட்டு எறங்கு" என்றார். ஆக, பதினைந்து நாள் ஆராய்ச்சி. இந்த நோட்டு அதற்குத்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அருப்புக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் போய், திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உட்கார்ந்து எண்ணினேன். நரிக்குடிப் பக்கமிருந்து வந்து இறங்கிய பெண்கள் எண்பத்தொன்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் அறுபத்து மூன்று. கழுத்தைத் தடவியவர்கள் பதினொன்று. மீதி ஏழும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அறுபத்து மூன்றில் பாதிப் பேர் வந்தால்கூட, ஆளுக்கு நூறு ரூபாய் — எழுதவே பயமாக இருக்கிறது. வருஷம் முடியறதுக்குள் மாடி வீடு.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று எண்ணவில்லை, கேட்டேன். இடுப்பு வலியா அக்கா என்றால், உசிரே போகுது தாயி என்கிறார்கள். நூறு ரூபாய்க்கு அமுக்கிவிடக் கடை வருது என்றால், வலியெல்லாம் இல்லையே, சும்மா பிடிச்சுக்கிட்டு நடக்கிறது பழக்கம் என்கிறார்கள். பன்னிரண்டு பேரிடம் கேட்டேன். பன்னிரண்டு பேருக்கும் வலி நின்றுவிட்டது. கை வைக்காமலே இத்தனை பேரைக் குணப்படுத்தியவள் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்திதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஐம்பது ரூபாய் என்றும் கேட்டுப் பார்த்தேன். ஐம்பது ரூபாய் கொடுத்தால் நான் உனக்கு அமுக்கிவிடுகிறேன் என்றாள் ஒருத்தி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெயர் பிரச்சினை. 'மசாஜ்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, நம்பரும் எழுதி, பத்து நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுத்து நேற்று ஒட்டினேன். 'பெண்களுக்கு மட்டும்' என்று கீழே எழுதியதை யாரும் படிக்கவில்லை. ஆறு போன் வந்தது. ஆறும் ஆம்பளைக. எல்லாரும் குசுகுசுன்னு பேசுறாக. ஆறாவது போனை இவர் வாங்கி, "சொல்லுங்கண்ணே, எங்க வலி?" என்று கேட்டார். கட் ஆகிவிட்டது.

'மசாஜ்' வேண்டாம். இவர் ஒரு பெயர் யோசித்தார்: தங்கம் உடல்வலி நிலையம். வலி வேணுங்கிறவக வர்ற இடம் மாதிரி இருக்கே என்றேன். கோபித்துக்கொண்டு லோடு ஆட்டோவில் போய்ப் படுத்துக்கொண்டார். சோறு அங்கேயே கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

வாடகை, கரண்டு, எண்ணெய், என் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏழு பேர் வரணும். இதுவரை கட்டாயம் வருகிறேன் என்றவர்: என் அக்கா. அவளும் சும்மா செய்வேன் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள்.

தேறாது. தேறாதுன்னு தெரிஞ்சு போச்சுல்ல, அப்புறம் எதுக்கு அழுகை வருது? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே —

ஆகஸ்ட் 17, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ரூமை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, 'இன்று இலவசம்' என்று அட்டை தொங்கவிட்டேன். பதினொரு மணி வரை வந்தது ஒரு கோழி.

அப்புறம் ராமசுப்பு அய்யா சம்சாரம் சந்தனம்மாள் வந்தாக. என்ன மாதிரிக் கடை என்று பார்த்துப் போக. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாக. தண்ணி நீட்டினேன், வேண்டாம் என்றாக. அவுக காட்டுல எங்கம்மா மொளகா பறிச்சவ. எங்க கைத் தண்ணிய அவுக குடிக்க மாட்டாகன்னு தெரியும், அதனால நான் வற்புறுத்தல. ஆனால் அவுக வலது தோள் காதுக்குப் பக்கம் ஏறியிருந்தது. "அஞ்சே நிமிஷம்மா" என்றேன். ரோட்டை ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் குப்புறப் படுத்தாக.

பத்தாவது நிமிஷம் தூங்கிவிட்டாக. அரை மணி நேரம் விட்டேன். எழுப்பினேன், அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தோளை உலுக்கினேன். ம்ஹூம். வாய் திறந்திருக்கு, ஒரு கை தொங்குது. உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்.

ராமசுப்பு அய்யா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். பின்னாலேயே இருபது பேர். அவர் பெஞ்சுக்கு முன்னால் விழுந்து, "சந்தனம், இனிமே ஒன்னைய வைய மாட்டேன். டிவி ரிமோட்ட நீயே வச்சுக்க. எந்திரி" என்று அழுதார். எனக்கு ஜெயில் கம்பியே கண்ணுக்குத் தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நல்லா ஓடுது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா ஒரு குறட்டை விட்டு, கண்ணைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து யார் செத்தது என்று கேட்டாக.

"ரிமோட்டு எனக்குன்னு சொன்னத எல்லாரும் கேட்டீகள்ல?" என்றாக.

பிறகு என்னிடம் தண்ணி கேட்டாக. என் பாட்டிலிலேயே குடித்தாக. பாதி பாட்டில்.

வெளியே நின்ற கூட்டம் கலையவில்லை. எட்டாம் தேதி பஸ் ஸ்டாண்டில் எனக்கு வலியே இல்லை என்றவள்தான் முதலில் உள்ளே நுழைந்தாள். சாயந்தரத்துக்குள் பதினாலு பேர்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பதினாலு பேரும் இலவசத்துக்கு வந்தவர்கள். கணக்கில் சேர்க்கக் கூடாது. நாளைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடணும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சொல்லப் போனேன். சந்தனம்மாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாக. அய்யா ஓரமாக உட்கார்ந்து அதே சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கணக்கை எடுத்துச் சொன்னேன். அந்தம்மா முழுசும் கேட்டுவிட்டு, "நூறுன்னா மதிக்க மாட்டாளுக. நூத்தம்பது வாங்கு. மொத ஆளு நானு" என்றாக. அட்வான்ஸ் இருபதாயிரம் போதுமாம். அய்யா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார்.

வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கடை திறந்து பத்து நாள். இன்றைக்கு ரெண்டே பேர். ஒருத்தி காசுக்குப் பதில் வெண்டைக்காய் கொடுத்தாள். பிஞ்சுக் காய்.

அக்டோபர் 9, புதன்

ஆறு பேர். இவர், இன்னொரு பெஞ்சு வாங்கலாமா என்று தானாகக் கேட்டார்.

நவம்பர் 21, வியாழன்

காலையில் லேட். மழையில் பஸ் மெதுவாக வந்தது. உரக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் கண்டக்டர் விசில் ஊதி, "அமுக்குக் கடை, அமுக்குக் கடை எறங்கு" என்றார். போர்டில் நான் எழுதியிருப்பது வேறு பெயர். இந்த இடத்தில் ஸ்டாப்பும் கிடையாது. மூணு பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்களை முந்திக்கொண்டு நான் குதித்தேன். கடைச் சாவி என்னிடம்தானே இருக்கு.