சமையலறை வரை கேட்கும் பாட்டு

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உங்கள் கப்பலில் புதிதாகச் சேரப்போகிற எலெக்ட்ரீஷியன் தம்பி நேற்று வீட்டுக்கு வந்து, ஏதாவது கொடுத்துவிட வேண்டுமா அண்ணி என்று கேட்டார். பனியன்களும் உங்கள் முதுகுவலித் தைலமும் கட்டிக் கொடுக்கிறேன். அதற்குள் இந்தக் கடிதமும் இருக்கும். போனில் பேசினால் பாதியில் லைன் போய்விடுகிறது. போகாத நாளில் நம் வாயாடிப் பெண் எதிரில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உதட்டைப் படிக்க நன்றாகவே பழகிவிட்டாள். அவளை எதிரில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றி உங்களிடம் என்ன சொல்வது?

காது டாக்டரிடம் போய் வந்ததைப் பாதிதான் சொன்னேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. மீதி இதுதான். வலது காது அநேகமாக முடிந்துவிட்டதாம். இடது காதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் போய்விடும், எப்போது என்று சொல்ல முடியாது என்கிறார். அதற்கப்புறம் உள்ளே கருவி வைத்து ஆபரேஷன் செய்யலாம், பழகப் பழகப் பேச்சு புரியும் என்றார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. இவள் மட்டும், "பாட்டு?" என்று கேட்டாள். டாக்டர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "இப்ப கேக்கிற மாதிரி இருக்காதும்மா" என்றார். மிச்சம் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள், சத்தமாக எதையும் கேட்காதே என்றும் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "பத்திரமா வெச்சு என்னம்மா பண்றது? பூட்டி வெச்சாலும் போகத்தானே போகுது. போறதுக்குள்ள கேட்டுடறேன்."

போன லீவில் நீங்கள் வாங்கி வந்த பெரிய ஹெட்போனை எடுத்தாள். காது மெஷினோடு மாட்டினால் கீச்சென்று கத்துகிறது. மெஷினைக் கழற்றிவிட்டு மாட்டினால் போனில் எவ்வளவு சத்தம் வைத்தாலும் அவளுக்குப் போதவில்லை. போதாக்குறைக்கு, காதுக்குக் கெடுதல் என்று எழுத்தில் காட்டிவிட்டு அந்தப் போனே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. "இதுக்கும் டாக்டர்னு நெனப்பு!" என்று அதைத் திட்டினாள். மொபைல் ரிப்பேர் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில், சத்தத்தைக் கூட்டுகிற ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் டப்பாவை மாட்டிக் கொடுத்து, பார்த்து வைம்மா என்று எச்சரித்துத்தான் அனுப்பினாராம்.

முதல் நாள் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "பேஸ் கிட்டார் சத்தம் வந்துடுச்சும்மா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள். காணாமல் போன பிள்ளை வீடு திரும்பினால் அப்படித்தான் கத்துவார்கள். அன்றைக்குத் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பேச்சும் ஓயவில்லை.

அப்புறம் டப்பாவின் சத்தத் திருகு ஏறிக்கொண்டே போனது. கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து, "உங்க பொண்ணு காதுல மாட்டினா எங்க வீட்ல கேக்குதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து பாட்டு வரி வரியாகச் சமையலறை வரை கேட்டது. ஈரக் கையோடு போய் எட்டிப் பார்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "பாட்டு ஓடுதாம்மா? சார்ஜ் போயிடுச்சான்னு பாரேன்" என்றாள். வாங்கி என் காதில் வைத்தேன். சுருக்கென்று வலித்தது, பிடுங்கி எடுத்துவிட்டேன். ஓடுகிறது என்று எந்த வாயால் சொல்வது? சார்ஜ் இல்லை என்றேன். என் உதட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அந்த டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வீட்டை இரண்டாக்குவாள் என்று பயந்திருந்தேன். அவள் சண்டை போடாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தலை வாரிவிடும்போது பார்த்தால், இடது காதுக்குப் பின்னால் எலும்பு மேல் தோல் உரிந்து கன்றிப் போயிருக்கிறது. ஹெட்போனை அந்த எலும்பில் வைத்து அழுத்தினால் அதிர்வாவது தெரிகிறதாம். களிம்பு தடவினேன். வலிக்குதா என்று கேட்டதற்கு, "கேக்குது கொஞ்சம்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் பிறந்த நாளுக்கு நீங்கள் பாடி அனுப்பியது வந்தது. உங்களுக்கு "சூப்பர்ப்பா" என்று உடனே பதில் போட்டாள் அல்லவா? போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அம்மா, இதுல அப்பா பாடறாரா, பேசறாரா?"

பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

திருகை முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள். நான் சமையலறையில் நின்று உங்கள் பாட்டைக் கேட்டேன். முடிந்ததும் வந்தாள். "பாடறார்தாம்மா. எந்தப் பாட்டுன்னுதான் தெரியல" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வாயைப் பொத்திவிட்டாள். "சொல்லாத. நானே கண்டுபிடிக்கிறேன்." இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் உள்ளே உங்கள் குரல்தான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எனக்கு எது சரி என்று தெரியவில்லை. இருக்கிற கொஞ்சத்தையும் நானே கொட்டிக் கவிழ்க்கிறேனோ என்று இருக்கிறது. மூடி வைத்துக் காப்பாற்றலாம் என்றால், எதற்காக என்று அவள் கேட்ட கேள்வி வந்து நிற்கிறது. தையல் கம்பெனியில் தைத்து வந்த பீஸ்களை நான் செக் பண்ணும்போதுகூட ஊசி ஓடுகிற சத்தம் அவளுக்கு இனி எப்படி இருக்கும் என்றே நினைப்பு ஓடுகிறது.

கேப்டனிடம் எப்படியாவது பேசி லீவு வாங்குங்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுத்ததற்கு உங்களுக்கு என் மேல் கோபம் வரும், தெரியும். அவள் மேலும் வரும். எங்கள் இரண்டு பேரையும் நன்றாகத் திட்டுங்கள். ஆனால் அதைப் போனில் வேண்டாம், நேரில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுங்கள். அவளுக்குக் கேட்கிற நாளிலேயே வந்து திட்டுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள் வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி