குடத்துக்குள் இருந்த அப்பா

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் எட்டிப் பார்த்துவிட்டு ஓரிக்கைப் பக்கம் போய்விட்டது. வேதியியல் டெஸ்ட். எனக்கு அது வேதனையியல். பாஸ் ஆகிவிடுவேன், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

மாலை ஐந்தரை. அம்மா கடையிலிருந்து இன்னும் வரவில்லை. கதவு தட்டும் சத்தம். தெரிந்தவர்கள் தட்டுகிற தட்டு இல்லை. வழக்கம்போல் நான், "அப்பா, யாரோ வந்துக்கினு இருக்காங்க, பாரு!" பிறகு சமையலறைக்கு ஓட்டம். காலிக் குடத்துக்குள் வாயை வைத்து இரண்டு இருமல், ஒரு செருமல். ஐம்பது வயது ஆண்பிள்ளை ரெடி. அதற்குப் பிறகுதான் கதவு.

வி.ஏ.ஓ. ஆபீஸ் தலையாரி. கையில் ஒரு தாள்.

"அம்மா இல்லியாமா?"

"வேலைக்குப் போயிருக்குது சார்."

"உள்ள யாரு, அப்பாவா?"

"ஆமா சார். ஒடம்பு சரியில்ல, படுத்துக்கினு இருக்காரு."

என்னைப் பார்த்தார். வாசலில் கிடந்த ஆண் செருப்பைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "சரிமா. அம்மா வந்தா குடுத்துடு." போய்விட்டார்.

படித்தேன். கணவரால் கைவிடப்பட்டோர் உதவித்தொகை. மறு ஆய்வு. கணவர் திரும்பி வந்து சேர்ந்து வாழ்வது தெரியவந்தால் தொகை நிறுத்தப்படும்.

தாளை மட்டும் அம்மாவிடம் கொடுத்தேன். இருமலைச் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். தண்ணீர் வரவில்லை.

அம்மா பீரோவைக் கலைத்துப் போட்டுத் தேடினாள். கேட்டிருப்பவை:
ஆதார்
ரேஷன் கார்டு
பாஸ்புக்
போட்டோ இரண்டு (சிரிக்காமல். சிரித்தால் கைவிடப்படவில்லை என்று நினைத்துவிடுவார்களோ?)
பக்கத்து வீட்டில் விசாரணை, அதை அவர்களே செய்வார்களாம்

கையை விட்ட நிஜ அப்பா ஓசூரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியம். கையெழுத்துக்கு அலைவது அம்மா. நான் மூன்றாவது படிக்கும்போது போனார், இப்போது பிளஸ் ஒன். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அதில்தான் என் டியூஷன். தொகை நின்றால் டியூஷனும் நிற்கும், அம்மா ஞாயிற்றுக்கிழமையும் பட்டுக்கடைக்குப் புடவை மடிக்கப் போவாள். இப்போதே அவள் விரல்கள் வீட்டுத் துண்டைக்கூடக் கடை மடிப்பில்தான் மடிக்கின்றன.

செருப்பு அம்மாவுடைய ஐடியா. இந்தத் தெருவுக்கு வந்த அன்றே நடைபாதைக் கடையில் வாங்கி வாசலில் போட்டாள். கொடியில் ஒரு ஆண் சட்டை, அதுவும் அவள்தான். இரண்டு பெண்கள் தனியாக இருக்கிற வீடென்று தெரியக் கூடாதாம். இந்த ஊரில் பல வீட்டில் இப்படித்தான்.

குடம் மட்டும் என் கண்டுபிடிப்பு. அம்மாவுக்குத் தெரியாது. ஏன் ஆரம்பித்தேன் என்பதும் தெரியாது.

சங்கடம் என்னவென்றால் பா.அ. (பார்வதி அக்கா, பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். அவர்கள் தறிச் சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம்.) ஐப்பசி மழையில் நான் கொஞ்சம் அதிகமாக இருமிவிட்டேன். மறுநாள் டம்ளரில் ஆடாதொடைக் கஷாயத்தோடு வந்து நின்றார். "அப்பாவுக்குக் குடு, பாவம்." அவர் எதிரிலேயே உள்ளே கொண்டுபோய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, நானே குடித்தேன். மூன்று நாள் வந்தது. மூன்று நாளும் குடித்தேன். செய்த பாவத்துக்குக் கசப்பு அப்போதே அனுபவித்தாயிற்று என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 16, புதன்

வி.ஏ.ஓ. வந்துவிட்டுப் போயிருக்கிறார். நான் பள்ளியில். அம்மா அரை நாள் லீவு.

நடந்தது, குழாயடியில் பா.அ. வாயால்:

"கவலப்படாத கண்ணு, நல்லாவே சொல்லிக்கிறேன். குடும்பம் சேந்துதான் சார் இருக்குது, நல்ல மனுஷன், வெளிய வரவே மாட்டாரு, சத்தம் கெடையாது, இருமல் மட்டுந்தான்னேன். நானே கஷாயம் போட்டுக் குடுத்தேன்னும் சொன்னேன். எழுதிக்கினாரு. நான் கையெழுத்தும் போட்டேன்."

சேர்ந்திருக்கிற குடும்பம் என்றால்தான் கவர்மெண்டில் ஏதோ தருவார்கள் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், பாதிதான் நிரம்பியிருந்தது.

வீட்டில் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள ஒரு ஆளு இருக்குதாம்டீ. ஒரு வருஷமா. தெருவே சொல்லுதாம். வெள்ளிக்கெழம தாலுகா ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாரு."

குரல் உயரவே இல்லை. திட்டினால் பதில் சொல்லத் தெரியும் எனக்கு. குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலை ஐந்துக்கே. மேகமூட்டம்.

சொல்லிவிட்டேன். தோசை மூன்றாவது வேகும்போது.

"மா, அந்த ஆளு நான்தான்."

"இன்னாது?"

குடத்தை எடுத்து இருமிக் காட்டினேன். அம்மாவின் கையிலிருந்த தோசைக்கரண்டி கீழே விழுந்தது. தோசை கருகியது.

"எதுக்குடீ?"

"சும்மா. வெளையாட்டுக்கு."

முதுகில் ஒன்று விழுந்தது. பரவாயில்லை, அது எனக்கு வர வேண்டியதுதான். பிறகு அவள் சொன்னதுதான் வலித்தது. "எட்டு வருஷம் ஒருத்தன் வாயிலயும் விழாம இருந்தேன்டீ நான்."

சாப்பிடாமல் கடைக்குப் போனாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், நாளைக்கு லீவு கேட்டால் முதலாளி கத்துவாராம். கேட்கத்தான் வேண்டும்.

பள்ளியில் ஒருத்தியையும் கலாய்க்கவில்லை. காய்ச்சலா என்று கேட்டார்கள்.

அப்பாவின் நிஜ இருமல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. என் இருமல்தான் காதில் கேட்கிறது.

ஜூலை 18, வெள்ளி

தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே.

தாலுகா ஆபீஸ். பெயரிலேயே 'தா' இருக்கிறது. ஆதார் தா, ஜெராக்ஸ் தா, போட்டோ தா. இரண்டு மணி நேரம் பெஞ்சு. பக்கத்தில் ஒரு அம்மா போனில், "சாவலடா, உயிரோடதான் இருக்கறேன், அத சொல்லத்தான் வந்துக்கினு இருக்கறேன்."

ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) மேடம். கண்ணாடி, காட்டன் புடவை, மேஜையில் பாதி குடித்த டீ. எங்கள் ஃபைலைப் புரட்டினார்.

"இன்னாமா இது? வாசல்ல செருப்பு, கொடியில சட்ட. தலையாரி காதால கேட்டிருக்காரு. பக்கத்து வீட்டம்மா கஷாயம் குடுத்தேன்னு கையெழுத்தே போட்டுக்குது. இத்தனைக்கு மேல நான் இன்னா பண்றது?"

"அவரு வர்லீங்க மேடம்," என்றாள் அம்மா.

"கஷாயம் நான் குடிச்சேன் மேடம். இருமுனதும் நான்தான்," என்றேன்.

"பாப்பா, வெளையாடற எடமா இது? ஆம்பள இருமலு எது, பொண்ணு இருமலு எதுன்னு தெரியாமயா எழுதிக் குடுப்பாங்க?"

மூலையில் காலித் தண்ணீர் கேன். இருபது லிட்டர். "ஒரு நிமிஷம் மேடம்," என்று போய்த் தூக்கினேன். என் குடத்தைவிடப் பெரியது, வாய் சின்னது. ஒத்திகை இல்லை. மூச்சை இழுத்து, கண்ணை மூடி, இருமினேன். இரண்டு இருமல், ஒரு செருமல். பழக்கதோஷத்தில் கடைசியில் ஒரு "யாரு அது?" வேறு.

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அடுத்த அறையில் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, "தாசில்தார் வந்துட்டாரா மேடம்?"

மேடம் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வேறு குரலில்,

"எதுக்குமா இதெல்லாம்?"

விளையாட்டுக்கு என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்; ஆனால் போன மழையில் ஒரு ஆள் அட்ரஸ் கேட்டு வந்ததைச் சொன்னேன். தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். தனியாவா இருக்கற என்றான். கதவைச் சாத்தினேன். அரை மணி நேரம் அவன் போகவில்லை, வாசலிலேயே நின்றான். அம்மா வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. செருப்பையும் சட்டையையும் பார்த்துவிட்டுத்தான் அவன் அப்படிக் கேட்டான். செருப்பு பேசாது மேடம், அதனால நான் பேசினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. மேஜைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் அழுந்தி வலித்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

"எனுக்கு சொல்லவே இல்லியேடீ."

"சொன்னா நீ வேலைய விட்டுடுவ."

மேடம் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார். மறுபடி விசாரித்துவிட்டுத்தான் சொல்ல முடியும், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நான் எழுத, அவள் கையெழுத்து. ஆபீஸ் தமிழ் எனக்கு ஓரளவு வரும்:

"மேற்படி இருமலானது என் கணவருடையது அல்ல என்றும், என் மகள் குடத்தில் இருமியது என்றும் உறுதி கூறுகிறேன்."

மேடம் படித்தார். "இதுக்கு ஃபாரத்துல கட்டமே இல்லியேமா," என்றார். ஆனாலும் ஃபைலில் வைத்தார்.

ஜூலை 19, சனி

நல்ல மழை. கூரையில் ஒரே ஒரு ஒழுகல்.

பா.அ. வீட்டுக்கு அம்மாவும் நானும். நான்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா தீர்ப்பு. சொன்னேன். அக்கா முகம் சிவந்தது.

"ஒரு வருஷமா இல்லாத மனுஷனுக்கா நான் கஷாயம் காச்சுனேன்?"

தறியில் இருந்த அவர் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் நூல் ஓட்டும் நாடா கீழே விழுந்து உருண்டது. "யோவ், சிரிக்காத!" என்று அக்கா அவர்மேல் பாய்ந்ததில் எனக்குத் திட்டு குறைந்தது.

பிறகு அம்மாவிடம், மெதுவாக: "அவரு திரும்பி வந்தத நீயா சொல்லுவன்னு இருந்தேன் சுமதி. நீ சொல்லல. சரி, ஒனுக்கு சங்கடமா இருக்கும்னு நானும் கேக்கல. நான் தப்பா நெனைக்கல, கட்டுன புருசன்தானேன்னு இருந்தேன்."

அம்மா அழுதுவிட்டாள். அக்காவும். நான் தறியைப் பார்த்தேன்.

குடையை எடுத்துக்கொண்டு அக்காவே கிளம்பினார், வி.ஏ.ஓ. வீடு எங்கே என்று விசாரித்து, எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுத. சனிக்கிழமை, மழை, அந்த முழங்கால் வலியோடு. போகும்போது உத்தரவு: திங்கட்கிழமையிலிருந்து நான் பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்கு வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அம்மா வரும் வரை.

"அந்த சத்தத்துல படிக்க முடியாதுக்கா."

"ஆபீசயே எழுப்பி உட்டவ நீ. இதுவா ஒனுக்கு சத்தம்?"

ஜூலை 21, திங்கள்

வேதியியல் மார்க் வந்தது. பாஸ். சொன்னேனே.

தறிக்குப் பக்கத்தில் முதல் நாள். இரண்டு பாடம் முடித்தேன். நாடா ஓடும் தாளத்தில் தனிம அட்டவணை நன்றாகவே ஏறுகிறது.

ஆறே காலுக்கு அம்மா ஓடி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் அக்கா வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். கடைக்கே போன் வந்ததாம், வி.ஏ.ஓ.விடமிருந்து. காலையில் மறுபடி வந்து, எதிர்வீட்டிலும் கேட்டுவிட்டுப் போனாராம். தொடரலாம் என்று மேடம் எழுதிவிட்டாராம். நிற்காது. நிற்கவே நிற்காது.

"அப்பாடா," என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "அந்த அப்பா இல்ல."

அம்மா என் தலையில் தட்டினாள். வலிக்காத தட்டு.

ராத்திரிக்கு முட்டைக் குழம்பு. முட்டை ஆளுக்கு இரண்டு.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் வெயில், சாயங்காலம் காற்று. பேனா தொலைந்தது, பென்சிலில் எழுதுகிறேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். மீந்த குழம்பு. திடீரென்று அம்மா, "தாசில்தாரு வந்துட்டாரா மேடம்," என்றாள், அந்த ஆளின் குரலிலேயே. எனக்குத் தெரியவே தெரியாது அவளுக்கு மிமிக்ரி வரும் என்று. அவளே சிரித்தாள். சோற்றோடு சிரித்தாள். புரை ஏறிவிட்டது. நான் தலையில் தட்ட, தண்ணீர் கொடுக்க, அவள் இருமு இருமென்று இருமினாள், கண்ணில் தண்ணீர் வர.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது.

"சுமதி! இன்னா, வந்துட்டாரா உன் ஊட்டுக்காரரு?"

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்:

"வந்தாருக்கா! எடமில்லன்னு அனுப்பிட்டேன்!"