எத்தனை வாளி

8.6.92, திங்கள்

சோளகக் காற்று. வீடெங்கும் செம்மண் புழுதி. முழங்கால் வலி, தைலம் முடிந்துவிட்டது.

மாதர் சங்கக் கூட்டம். எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்பிலுள்ள பொதுக்கிணற்றைத் திருத்தும் திட்டம் சனிக்கிழமைக்குள் நிவாரண அலுவலகத்துக்குப் போக வேண்டும். இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் தெல்லிப்பழைக் குடும்பங்களுக்கு அதுதான் தண்ணீர். செயலாளர் நான். கையெழுத்து அழகாக இருப்பதற்குத் தண்டனை.

அலுவலகத்திலிருந்து சுகந்தி என்ற பெண் வந்தாள். திட்டம் எழுதுமுன் மன வரைபடம் போட வேண்டுமாம். நடுவில் வட்டம், அதற்குள் ‘கிணறு’. சுற்றிவர மனதில் படுவதெல்லாம் கிளை கிளையாக. ஒழுங்கு பிறகு. சரி பிழை பார்க்கக் கூடாது. முப்பத்திரண்டு வருடம் சரி பிழை பார்த்தே சம்பளம் வாங்கியவளிடம் சொல்கிறாள்.

தாள் இல்லை. பழைய கலண்டரின் பின்பக்கம்.

9.6.92, செவ்வாய்

கிளைகள்: கட்டு, கப்பி, கயிறு, வடிகால், குளோரின். கட்டிலிருந்து சீமெந்து, சீமெந்திலிருந்து ‘தடை’; அரசாங்கம் இங்கே வரவிடுவதில்லை. அந்தக் கிளை அங்கேயே பட்டுப்போயிற்று. சுண்ணாம்பு என்றாள் ஒருத்தி. புதுக் கிளை. வெறும் பட்டியலில் இது வந்திராது, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு வாளி. எத்தனை என்று சுகந்தி கேட்டாள். ஒரு கப்பிக்கு ஒன்று போதும் என்றேன்.

தலைவி பரமேஸ்வரி, மெதுவாக: “ரெண்டு எண்டு போடுங்கோ ரீச்சர். செல்லம்மா ஆக்களுக்கு வேறை வாளி.”

செல்லம்மா கடைசி வகுப்பறையில் மூன்று பிள்ளைகளோடு இருப்பவள். அவளுடைய சாதியை ஒருவரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது அரை மைல் நடந்து தோட்டக் கிணற்றில் அள்ளுகிறாள். இங்கே வந்தால், யாராவது வார்த்துவிடும்வரை குடத்தோடு நிற்க வேண்டும்.

“மனசிலை பட்டதெல்லாம் எழுதச் சொன்னது நீர்தானே, இதை நான் எழுதமாட்டன்,” என்றேன் சுகந்தியிடம். பேனையை மூடினேன். அந்தக் கிளையின் நுனியில் இலக்கம் இல்லை.

11.6.92, வியாழன்

சவர்க்காரம் அரைக் கட்டி மிச்சம். பரமேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். தனக்கு ஒன்றுமில்லையாம், ஊர்தான் ஒத்துக்கொள்ளாதாம். அறுபது வருடமாக அந்த ஊரைப் பற்றிக் கேள்விப்படுகிறேன், நேரில் கண்டதில்லை. ஒரு வாளி, இல்லையென்றால் வேறு செயலாளரைத் தேடு என்றேன்.

தேநீரை முடித்துவிட்டு எழும்பும்போது: “உங்கடை கிணத்தடியிலையும் ஒரு பேணி கிடக்குத்தானே ரீச்சர்.”

கிடக்கிறது. விறகு கொத்த வருகிறவனுக்கு மட்டும் தேநீர் கொடுக்கும் அலுமினியப் பேணி. அம்மா வைத்த இடத்தில். பட்டம் வாங்கி வந்தேன்; பேணியை எடுக்கவில்லை.

12.6.92, வெள்ளி

திட்டம் துப்புரவாக எழுதி முடிந்தது. வாளி: 1. பரமேஸ்வரி ஒப்பமிட்டாள், கோணலாக. வேறு செயலாளர் அகப்படவில்லை போலும்.

13.6.92, சனி

சுகந்தி திட்டத்தைக் கொண்டுபோய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய்ச் செல்லம்மாவிடம் சொன்னேன். மகிழ்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன்; மடமை. அவள் பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுத்தபடியே கேட்டாள்:

“வாளி ஒண்டு, சரி. நான் அள்ளினாப் பிறகு அதை எத்தினை தரம் கழுவுவினம்?”

அது வரைபடத்தில் இல்லை.

வெயில். முழங்கால். வீட்டுக்கு வந்ததும் பேணியை எடுத்து, குசினியில் மற்றவற்றோடு வைத்தேன். வைக்குமுன் கழுவினேன். இரண்டு தரம்.