சின்னதுரையின் புதுப் பாட்டு

மார்கழி 2
விடிந்ததிலிருந்து மழை. மடுல்சீமை ரோட்டில் மண்சரிவு, தபால் இல்லை. அன்னம் இன்றும் எழவில்லை. எங்கள் மகள் செல்லத்தை மண்ணில் வைத்து இரண்டு மாதம். வைத்த கஞ்சி அப்படியே.

தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரை கூப்பிட்டுப் பங்களாவுக்குப் போனேன். லண்டன் நாடகக் கொட்டகைகளுக்குப் பாட்டுக் கட்டியவர். முதல் நாடகம் ஓகோவென்று ஓடி, தெருவில் போகிறவனெல்லாம் பாடினானாம். அடுத்தது சுமார். கடைசி நாடகம் எட்டே நாளில் படுத்துவிட்டது. பிறகு யாரும் கூப்பிடவில்லை, இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். கணக்கப்பிள்ளை எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் இதெல்லாம் என்னிடம்தான் சொல்வார்.

புதுப் பாட்டாம். நாடகத்தில் வரும் கலியாண ஆட்டத்துக்கு. பியானோவில் வாசித்தார். செல்லத்தைத் தூக்கிப்போன அன்று கூலிக்காரர் லயத்து மாரிமுத்து அடித்த சாவுத் தப்பு மேளத் தாளம்! பங்களா வாசலில் நின்று கேட்டு எழுதி வைத்திருக்கிறார், என்னவென்று தெரியாமலே.

எப்படி என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். கோழைப்பயல் நான்.

மார்கழி 4
தூறல். வாங்க வேண்டியது: விளக்கெண்ணெய், மைக்கூடு, அன்னத்துக்குக் கஷாயச் சரக்கு.

ஞாயிறு பங்களாவில் தேநீர் விருந்து. லண்டன் கொட்டகைக்காரர் ஒருவர் பதுளையிலிருந்து வருகிறார். பாட்டுப் பிடித்தால் கையோடு கொண்டுபோவார், சி.துரையும் ஊர் திரும்பலாம். மாரிமுத்துவின் தப்பும் வேண்டுமாம். உண்மையைச் சொல்லத்தான் போனேன். கப்பல் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே திரும்பினேன்.

மாரிமுத்துவிடம் சொன்னால், "சாவு விழாம அத அடிக்கக் கூடாதுங்கய்யா. லயத்துச் சனமே அழுதுகிட்டு வந்துருமுங்க" என்கிறான்.

"அடிக்கலன்னா தோட்டத்துல உனக்கு எடமில்ல. தொரை உத்தரவு."

துரை அப்படிச் சொல்லவே இல்லை. நானாகச் சொன்னது.

மார்கழி 7, ஞாயிறு
அதிசயமாக வெயில். புல்தரையில் நாற்காலிகள், கேக்கு. சி.துரை வாசிக்க, மாரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு அடித்தான்.

அவன் சொன்னபடியே லயத்து ஜனம் மேலேறி வந்தது. பெண்கள் தலைவிரி கோலமாக, மார்பில் அடித்துக்கொண்டு. அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று விருந்தாளிகள் கை தட்டினார்கள். லண்டன்காரர் எழுந்து நின்றே தட்டினார். சி.துரை கண்ணில் தண்ணீர்.

கூட்டத்துக்கு முன்னால் அன்னம். இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழாதவள். ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "ஏங்க, இப்ப யாருங்க போனது?"

என்ன சொல்கிறாள் என்று சி.துரை கேட்டார்.

பாட்டு நன்றாக இருக்கிறதாம் என்றேன்.