சொட்டுச் சொட்டாக அணைப்பது

அக்கா,

"பெத்த பிள்ளையைப் பறிகொடுத்துட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, உனக்கென்னடி கல்நெஞ்சா?" என்று போனில் கத்தினாய். நான் வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை.

ஆய்வகத்தில் நான் கையாளும் பொடியைப் பற்றிச் சொல்கிறேன், கேள். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு. பார்க்கச் சாம்பல் மாதிரி சாதுவாக இருக்கும். மருந்து தயாரிப்பில் அது இல்லாவிட்டால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி. ஆனால் ஈரம் பட்டால் பற்றிக்கொள்ளும். பற்றினால் காய்ந்த மணலைத்தான் கொட்டவேண்டும், தண்ணீர் கூடவே கூடாது. அந்த அறையில் அழ முடியாது. அதனால்தான் விடுப்பு எடுக்காமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் குடுவையில் மிஞ்சிய பொடியின் வேகத்தை அணைக்கவேண்டும். அப்படியே விட்டுவைக்கவும் கூடாது, அவசரப்படவும் கூடாது. பனிக்கட்டியில் வைத்துக் கலக்கிக்கொண்டே முதலில் எத்தில் அசிடேட் என்கிற மிதமான திரவம், அப்புறம்தான் தண்ணீர். எல்லாமே சொட்டுச் சொட்டாக.

அவன் போன அன்றைக்கு நீங்கள் எல்லோரும் ஒரேயடியாக ஓடிவந்து என்னை அணைத்துக்கொண்டீர்கள். நான் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. நீ மட்டும். வந்ததும் அவன் பேச்சை எடுக்காதே. உன் முதுகுவலியைப் பற்றிப் புலம்பு, அதை உனக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்! அப்புறம் வாசலில் வார் அறுந்த சின்னச் செருப்பு ஒன்று கிடக்கும். "இதை ஏன்டி இன்னும் தைக்கக் கொடுக்கலை?" என்று மட்டும் கேள்.

கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

உன்
கல்நெஞ்சுக்காரி