ஸ்டியரிங் ஆட்ட ஆளில்லாத ஷெட்டிலிருந்து

என் கௌரிக்கு,

உன் படத்துக்கு முன்னால் நின்று பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுகிறது. மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேச்சு வரும். அதனால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

ரெட்டியார்பாளையத்தில் நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உன் அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். உப்பைத்தான் அள்ளிக் கொட்டிவிடுகிறாள். நல்லா இருந்துச்சு என்று சொல்லியனுப்புகிறேன். நீ இருந்தபோது உன் சமையலில் குறை சொல்லாத நாள் உண்டா? இப்போது பார், எதைப் போட்டாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன்.

சொல்ல வந்தது வேறு. நீ போன பிறகு ஸ்டியரிங் வேலை எதையும் நான் எடுக்கவில்லை. பிரேக், ஆயில், கிளட்ச் என்று தனியாளாகச் செய்யக்கூடியதாகப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் முதுகு வலி என்றேன். நம்பிக்கொண்டார்கள். நீயாக இருந்தால் நம்பியிருப்பாயா?

உனக்குத் தெரியாததா! ஓட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, முன்பக்கம் உதறினாலோ, கோளாறு எங்கே என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்ட வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்துக்கொண்டு, அசையக்கூடாத எது அசைகிறது என்று பார்க்க வேண்டும். நம் ஷெட்டில் மேலே உட்காருகிறவள் எப்போதும் நீதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு சொல்தா பென்ஷன் வாங்கும் பெரியவர் தன் பழைய ஜீப்பை ஓட்டி வந்தால், "மதாம் மெக்கானிக் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். நான் ஒருத்தன் எதிரில் நிற்பது அவர் கண்ணுக்கே தெரியாது.

"ஏங்க, கைய எடுத்துட்டீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய். நான் "ம்" என்றால்தான் ஆட்டுவாய். ஆட்டிக்கொண்டே எதிர் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையிலிருந்து தெருவில் யார் புதிதாக வண்டி வாங்கினார்கள் என்பது வரை ஒன்று விடாமல் சொல்லுவாய். நான் அடியில் கிடந்தபடி எரிந்து விழுவேன். நீ காதிலேயே வாங்கமாட்டாய்.

போன வாரம் ஏழுமலை வந்தான். தவளக்குப்பம் பக்கத்துக் கடற்கரைக்காரன். அவனிடம் ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் இருக்கிறது. அதை வைத்துத்தான் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறான். விடிந்ததும் அதிலேயே மீனை ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறான். கூடவே அவன் மனைவி அஞ்சலையும் வந்திருந்தாள். முதுகு வலி என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவள்தான் விடவில்லை.

"அண்ணே, கடலூர் ரோட்டுல ஒரு பள்ளத்துல எறங்குச்சு. அப்ப புடிச்சி ஒரு உதறு உதறுச்சி பாரு, இவரு கையில ஸ்டியரிங் நிக்கல. பக்கத்துல பஸ்சு வருது. செத்துட்டம்னுதான் நெனச்சேன். வேற எடத்துல ரெண்டு தபா காட்டிட்டோம். சக்கரத்த மாத்துனாங்க, இன்னும் என்னென்னமோ மாத்துனாங்க. அதுபாட்டுக்கு உதறுது."

நாள் தவறாமல் அந்த வண்டியில் புருஷனும் பெண்டாட்டியும் போகிறார்கள், கௌரி. எப்படித் திருப்பி அனுப்புவது?

வாங்கிக்கொண்டேன். ஆனால் மேலே உட்கார யாரையும் கூப்பிடவில்லை. டயர் கடைப் பையனைக் கூப்பிட்டால் ஓடி வருவான், டீக்கடைக்காரரும் வருவார். எனக்குத்தான் மனம் வரவில்லை. வேறொருவர் அங்கே உட்கார்ந்து ஆட்டினால் நீ இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று தோன்றியது. இந்த வயதில் இப்படி ஒரு கிறுக்கு.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் பிடித்து உலுக்கிப் பார்த்தேன். ஜாயிண்ட், பேரிங், புஷ் எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. ஓட்டிப் பார்த்தால் உதறுகிறது. மறுபடி தூக்கினேன், மறுபடி ஒன்றுமில்லை. சக்கரம் அந்தரத்தில் இருந்தால் லேசாகத் திரும்பிவிடும், சில கோளாறு அப்போது ஒளிந்துகொள்ளும். பாரம் தரையில் இருக்கும்போது ஆட்டினால்தான் வெளியே வரும். இது தெரியாதவனா நான்? தெரிந்தேதான் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். "சரியாயிடுச்சாண்ணே? எடுத்துக்கினு போலாமா?" என்றான் ஏழுமலை. தலையாட்டியிருந்தால் சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

ஜாக்கியை இறக்கினேன். "ஏம்மா, கொஞ்சம் மேல ஏறி உக்காருறியா?" என்று அஞ்சலையைக் கேட்டேன். ஏன் அவளைக் கேட்டேன் என்று தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். எஞ்சினைப் போடச் சொல்லிவிட்டு அடியில் படுத்தேன்.

ஆட்டினாள். வலைக் கயிறு இழுத்த கை, அழுத்தமாக ஆட்டினாள். நாலைந்து தடவை ஆட்டியதிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் பாக்ஸை முடுக்கியிருக்கும் இடத்தில் வண்டியைத் தாங்கும் சேஸிஸ் சட்டமே விரிசல் விட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் தின்று உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கிறது. அவள் ஆட்ட ஆட்ட, சக்கரம் திரும்புவதற்கு முன்னால் பாக்ஸ் தனியாக நகர்ந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும்.

போதும் என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரவில்லை, கௌரி. மேலே ஆட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, பேச்சே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்குகிறது. கையெல்லாம் கிரீஸ், துடைக்கக்கூட முடியவில்லை.

"அண்ணே, போதுமா?" என்றாள். கொஞ்ச நேரம் விட்டு, "அண்ணே?" என்றாள். ஏழுமலை பதறிக்கொண்டு குனிய வந்தான் போல. அதற்குள் அவளே எஞ்சினை நிறுத்தி இறங்கி வந்து, முட்டி போட்டு அடியில் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

எழுந்து நின்று அவனிடம், "அவரு இன்னும் பாத்துக்கினு இருக்காரு. நீ போயி டீ வாங்கியா. மெதுவா வா" என்றாள்.

அப்புறம் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆட்டவில்லை, கூப்பிடவுமில்லை. நானாக வெளியே வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வண்டியைக் கொடுக்கவில்லை. விரிசலைக் காட்டினேன், ஏழுமலைக்கு முகம் வெளுத்துப் போயிற்று. இரண்டு பேரையும் பஸ்ஸில் அனுப்பிவைத்தேன். இன்று தகடு வைத்து வெல்டிங் வேலை ஆரம்பித்திருக்கிறேன். போகும்போது அஞ்சலை சொன்னாள்: "ஆட்டுறதுக்கு ஆளு வேணும்னா போன் பண்ணுண்ணே. மீன வித்துட்டு வந்துடறேன்."

கூப்பிடுவேன், கௌரி. அவள் இல்லாவிட்டால் டயர் கடைப் பையனைக் கூப்பிடுவேன். முதுகு வலி என்று இனி யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். உன் குரல் கேட்காத வண்டிக்கு அடியில் படுக்க எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. படுப்பேன்.

இப்படிக்கு,
நீ விட்டுப் போன உன் வீட்டுக்காரன்