அந்த இடத்தில் பாட்டுத்தான்

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த என் செல்லமே, அமுதா,

நீ போய் ஓராண்டு ஆகப் போகிறது. வரும் ஞாயிறு உனக்குப் படையல். வருகிறவர்கள் எல்லோர் முன்னாலும் இந்தக் கடிதத்தை நானே வாசிக்கப் போகிறேன். மூன்றாவது வரை படித்தவள் எழுதியது, பிழை இருந்தால் அங்கிருந்தே சிரித்துக்கொள். படையல் முடிந்த செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. என் டீவி இப்போது இல்லை. உன்னை எரித்துவிட்டு வந்த மறுநாள் அதில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மிக் குழவியை எடுத்தேன். ஒரு அடி போதவில்லை. திரை நொறுங்கி, என் கையெல்லாம் ரத்தமாகி, உள்ளே இருந்த தகடு வெளியே வரும்வரை அடித்தேன். அந்தச் சத்தத்துக்கு நம் மாடியில் ஆறு வீட்டுக் கதவும் திறந்தது. "என்னாச்சுக்கா? யாரு உள்ள?" என்று ஓடி வந்தார்கள். ஒரு டீவிக்கு ஆறு கதவு, அமுதா. உனக்கு?

ஃபேக்டரி பஸ்ஸில் நீ வாசித்துக் காட்டிய ராஜா கதைப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. பாலம் ஏறியதும் ஆரம்பிப்பாய், பத்து காவான் ஊரில் ஃபேக்டரி வாசல் வந்ததும் மூடுவாய். வாள் சண்டை வந்தால் மட்டும் நாலைந்து பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவாய்.

"ஏய், யாரு செத்தான்? சொல்லிட்டுப் போ லா!"

"ரத்தம் வர்ற எடம் வேணாம்க்கா. செத்துட்டாங்க, அவ்ளோதான்."

தியேட்டரிலும் அப்படித்தான். சண்டை வந்தால் குனிந்துகொண்டு என் பங்கு முறுக்கையும் தின்று தீர்ப்பாய். பயந்தாங்கொள்ளி என்று எத்தனை தடவை உன்னைக் கிண்டல் செய்தேன்! இப்போது நீ தாண்டிப்போன பக்கங்களை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். ஒரே வெட்டு, குத்து. தலை உருள்கிறது. வெட்டுப்பட்டு விழுகிற ஒவ்வொருவனுக்கும் உன் புருஷன் முகத்தை வைத்துப் பார்க்கிறேன். மனசுக்கு நன்றாக இருக்கிறது. இது பாவமா?

விடியும் முன் பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் கழுத்தில் அந்த பைனாகுலர் தொங்கும். பழைய சாமான் சந்தையில் பொறுக்கியது, ஒரு பக்கம் மங்கல். வியாழக் கிரகத்தின் பக்கத்தில் குட்டி குட்டியாக நிலாக்கள் இருப்பதை அதில்தான் காட்டினாய். "மூச்சப் புடிச்சிக்கிட்டுப் பாருங்கக்கா. கை ஆடுனா ஓடிரும்." ஐம்பது வயதில் நான் நிலாவை எண்ணினேன்.

ஒரு திங்கட்கிழமை நீ மேலே பார்க்கவே இல்லை. கழுத்தைச் சுற்றி ஷால். "கழுத்து புடிச்சிக்கிச்சுக்கா" என்றாய். ஷால் விலகியபோது விரல் தடம் தெரிந்தது, நாலும் தனித்தனியாக. அதற்குப் பிறகுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. ஞாயிறு மத்தியானம் அவன் படம் போட்டுச் சத்தத்தைக் கூட்டுவான். மறுநாள் உன் கழுத்து நிமிராது.

ஒருமுறை கதவைத் தட்டினேன், நினைவிருக்கிறதா? சிரித்துக்கொண்டே திறந்தான். "படம் பாக்குறோம்க்கா. சத்தம் அதிகமா? சோரி லா." மறுநாள் பஸ்ஸில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இனிமே தட்டாதீங்கக்கா. நீங்க போனப்புறம் ரெண்டு மடங்கா விழுது."

அதனால்தான் தட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதனால்தானா? இல்லை, நானும் அவனுக்குப் பயந்தேனா?

அந்தக் கடைசி ஞாயிறு நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடியது நாம் மூன்று தடவை தியேட்டரில் பார்த்த படம். படகில் அவள் பாடுகிற பாட்டு வந்தது. இரண்டாவது சரணம் முடிந்து புல்லாங்குழல் மட்டும் வருமே, அங்கே தொம் என்று ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு "அக்கா!"

அந்த இடத்தில் சண்டை கிடையாது. அந்தப் படத்தில் யாரும் யாரையும் அக்கா என்று கூப்பிடுவதே கிடையாது. எனக்குத் தெரியும். கத்தி என் கையில் அப்படியே நின்றது. பாட்டு முடியட்டும் என்று இருந்தேன். பாட்டு முடிந்தது. அதற்கப்புறம் உன் சத்தம் இல்லை.

அந்த பைனாகுலராலேயே அடித்திருக்கிறான். அடையாளம் காட்டச் சொல்லி போலீஸ் ஒரு பையில் போட்டுக் காட்டினார்கள். நிலா காட்டிய கண்ணாடியில் உன் முடி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகும், "என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று அவர்கள் கேட்டபோது, "படச் சத்தம்னு நெனச்சேன்" என்றேன். பொய். நீ கூப்பிட்டும் வராதவள் என்று ஊர் சொல்லுமே என்று பயந்து சொன்ன பொய். இப்போது அவன் அதைத்தான் பிடித்துத் தொங்குகிறான். நீ வழுக்கி அதன் மேலேயே விழுந்தாயாம். படத்தைத் தவிர வேறு சத்தமே இல்லையாம், பக்கத்து வீட்டுக்காரியே சொன்னாளாம்.

போன வாரம் பாசாரில், மீன் கடை முன்னால், அவன் அண்ணன் என்னை மறித்தான்.

"அக்கா, ஒரு தடவ ஒன்னு சொல்லிட்டீங்க. இப்ப மாத்துனா லாயர் ஒங்கள கிழிச்சிருவான் லா. மூணாவது படிச்சவங்க, ஒளறிட்டு நிப்பீங்க."

மீன் வெட்டும் கத்தி கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. சத்தியமாக அதைத்தான் பார்த்தேன். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு சொன்னேன்: "தம்பி, எனக்குச் சட்டம் தெரியாது. படம் தெரியும். வழிய வுடு."

செவ்வாய்க்கிழமை விடியும் முன் நம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போவேன். உனக்கும் சேர்த்துக் கழுத்தை நிமிர்த்தி ஒரு தடவை பார்ப்பேன். பிறகு கோர்ட்டுக்கு. முதலில் நான் பொய் சொன்னேன் என்பேன். அதற்கு என்னை உள்ளே போட்டால் போடட்டும். அப்புறம் அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து சொல்வேன். புல்லாங்குழல் வரும் இடத்தில் நிறுத்தி, இங்கேதான் என் தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள் என்று அவனைப் பார்த்துச் சொல்வேன். ஒரு பக்கத்தையும் தாண்ட மாட்டேன், அமுதா.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் வராத
உன் அக்கா,
லெட்சுமி